கிளப் பாருக்குக் கூடுதலாக 2 மணி நேரம்: இங்கிலாந்தில் அனுமதி எப்படிக் கிடைக்கிறது? யார் தடுக்க முடியும்?

ஊருக்குள் ஒரு கிரிக்கெட் மைதானம். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கிளப் கட்டடம். உள்ளே உடை மாற்றும் அறை, டீ போட ஓர் இடம், ஒரு பார். மைதானத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வீடுகள். இதுவரை இரவு 11 மணிக்கு மூடிவந்த பாரை வெள்ளி, சனிக்கிழமைகளில் 1 மணி வரை திறந்து வைக்க கிளப் அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது அடிக்கடி வரும் விவகாரம்தான்.

இரண்டு மணி நேரம்தானே, இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். ஆனால் சிறுவர் அணிக்கான செலவையும் புல் வெட்டும் செலவையும் பார் வருமானம்தான் தாங்குகிறது என்பார் கிளப் பொருளாளர். வேலிக்கு அந்தப் பக்கம் படுக்கையறை ஜன்னல் இருப்பவருக்கோ வாரக்கடைசித் தூக்கமே போய்விடும் என்ற பயம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த இருவருக்கும் நடுவே சட்டம் எப்படி முடிவெடுக்கிறது?

ஊருக்கெல்லாம் ஒரே நேரம் கிடையாதா?

கிடையாது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை என்றால் மதியம் 12 முதல் இரவு 10 மணி வரை. கோவையோ கோவில்பட்டியோ, எல்லா ஊரிலும் அதே நேரம்தான். இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு பப், ஒவ்வொரு கிளப்பின் அனுமதிச் சான்றிலும் அதற்கான நேரம் தனியாக எழுதப்பட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள்கூட வேறு வேறு நேரத்தில் மூடலாம்.

முன்பு அங்கேயும் பொதுவான நேரம் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவதைத் தடுக்கத்தான் மது விற்கும் நேரத்தை அரசு கடுமையாகக் குறைத்தது. போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. பிற்பகலில் பப்புகளை மூடும் வழக்கமே 1988 வரை நீடித்தது. இரவு 11 மணி கணக்கை முடித்துவைத்தது 2003-ம் ஆண்டின் உரிமச் சட்டம். 2005 நவம்பர் 24 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. "இனி 24 மணி நேரமும் குடிக்கலாம்" என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. உண்மையில் அந்தச் சட்டம் எல்லோருக்கும் நேரத்தை நீட்டித்துக் கொடுத்துவிடவில்லை. யாருக்கு எத்தனை மணி வரை என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டுப் பெறலாம் என்றது, அவ்வளவுதான்.

கிளப்பிடம் இருப்பது எந்தச் சான்று?

நேரத்தைப் பற்றிப் பேசும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். கிளப்புகளிடம் இருக்கும் அனுமதி இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

முதல் வகை, கிளப்புகளுக்கு மட்டுமே தரப்படும் சான்று. இதற்குத் தகுதி பெற கிளப்பில் குறைந்தது 25 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். கிளப் லாப நோக்கில் ஒரு தனிநபருடையதாக இருக்கக் கூடாது. மது வாங்குவதையும் கொடுப்பதையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழுவே கவனிக்க வேண்டும். மது வாங்குவதில் யாருக்கும் கமிஷன் போகக் கூடாது. முக்கியமான இன்னொன்று: உறுப்பினராக விண்ணப்பித்தவருக்கு அன்றைக்கே சலுகை கிடையாது, இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும். வாசலில் சந்தா கட்டிவிட்டு அப்படியே பாருக்குப் போவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. இங்கே எஃப்.எல்.2 உரிமமும் உறுப்பினர்கள் நடத்தும் கிளப்புகளுக்கானதுதான். "மனமகிழ் மன்றம்" என்று அழகான பெயரை வைத்துக்கொண்டு உள்ளே சாதாரண பார் நடத்துகிறார்கள் என்ற புகார் அடிக்கடி எழுவதும் தெரிந்ததே. இங்கிலாந்துச் சட்டத்தின் இரண்டு நாள் விதிக்குப் பின்னால் இருப்பதும் அதே கவலைதான்.

இந்தச் சான்று உள்ள கிளப்புக்குச் சலுகைகள் அதிகம். பப் என்றால் மது விற்பனைக்குப் பொறுப்பாக, தனி உரிமம் பெற்ற ஒருவரின் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். கிளப்புக்கு அது தேவையில்லை. போலீஸ் உள்ளே நுழையும் அதிகாரமும் குறைவு. இத்தனை சலுகைக்கும் காரணம் ஒன்றுதான். அங்கே மது பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. உறுப்பினர்களும் அவர்களின் விருந்தினர்களும் மட்டுமே குடிக்கலாம்.

இரண்டாவது வகை, பப்புகள் வைத்திருக்கும் அதே வளாக உரிமம். இது இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அறிமுகமே இல்லாத ஒருவரின் 40-வது பிறந்தநாளுக்கு ஹாலை வாடகைக்கு விட்டு பாரையும் திறக்கலாம்.

நள்ளிரவு 1 மணி வரை கேட்கும் கிளப்பின் மனதில் பெரும்பாலும் இருப்பது இந்த வாடகை விழாக்கள்தான். ஆட்டம் முடிந்து வரும் வீரர்கள் 11 மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். கல்யாண வரவேற்புக்கு வந்தவர்கள் அப்படிக் கிளம்ப மாட்டார்கள். அதனால் விண்ணப்பத்தைப் பார்க்கும் அக்கம்பக்கத்தவர் "எத்தனை மணி வரை?" என்பதோடு நிறுத்தாமல், "யாருக்காக?" என்றும் கேட்க வேண்டும். இருப்பது கிளப் சான்று மட்டும்தான் என்றால், நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் வெளியாட்கள் விழாவில் பாரைத் திறக்க முடியாது.

வருமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சமுதாய அமெச்சூர் விளையாட்டு கிளப் என்று வரித்துறையில் பதிவு செய்த கிளப்புகளுக்கு கட்டட வரியில் 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி. ஆனால் அந்தப் பதிவு நிலைக்க, உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் விளையாட்டில் உண்மையாகவே பங்கேற்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்களிடம் செய்யும் வியாபாரம், வாடகை ஆகியவற்றில் வரும் வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டைத் தாண்டக் கூடாது. பார் கொழித்தால் வரிச்சலுகை கைவிட்டுப் போகலாம். கூடுதல் நேரம் கேட்கும் முன் பொருளாளர்கள் போட வேண்டிய கணக்கு இது.

28 நாள்... ஒரு நீலத் தாள்

அனுமதி கொடுப்பது மத்திய அரசோ போலீஸோ அல்ல, உள்ளூர் கவுன்சில். நேரத்தை நீட்ட வேண்டுமென்றால் இருக்கும் சான்றில் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம், கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்து 100 முதல் 635 பவுண்டு வரை. சின்ன மாற்றங்களுக்கு 89 பவுண்டில் ஒரு குறுக்குவழி உண்டு. ஆனால் மது கொடுக்கும் நேரத்தைக் கூட்ட அந்த வழியில் போக முடியாது. முழு நடைமுறைதான்.

விண்ணப்பித்த மறுநாளிலிருந்து 28 நாள் ஓடத் தொடங்கும். அத்தனை நாளும் வெளிர்நீல நிறத் தாளில், ஏ4 அளவுக்குக் குறையாமல், வெளியிலிருந்து படிக்கக்கூடிய இடத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். எழுத்தின் அளவு 16-க்குக் குறையக் கூடாது என்பது வரை விதி சொல்கிறது. உள்ளூர் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். போலீஸ், தீயணைப்பு, சுற்றுச்சூழல் சுகாதாரம், பொது சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு போன்ற துறைகளுக்கும் தகவல் போகும்.

ஆனால் பக்கத்து வீடுகளுக்குத் தனித்தனியாகக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சில கவுன்சில்கள் தாமாகவே அனுப்புவதுண்டு. மற்ற ஊர்களில் அந்த நீலத் தாளைக் கவனித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? 28 நாளுக்குள் ஏற்கத்தக்க ஓர் ஆட்சேபம்கூட வரவில்லையென்றால் கவுன்சில் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். விசாரணை கிடையாது. "யாரும் எதிர்க்கவில்லை, ஆனாலும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை" என்று மறுக்க வழியில்லை. 29-வது நாள் வரும் கடிதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கணக்கில் வராது.

எந்த ஆட்சேபம் எடுபடும்?

பலர் ஏமாறுவது இங்கேதான். சட்டம் நான்கே நான்கு நோக்கங்களைச் சொல்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொந்தரவு தடுப்பு, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். எழுதும் ஆட்சேபம் இந்த நான்கில் ஒன்றையாவது தொட வேண்டும்.

"குடி குடியைக் கெடுக்கும், அதனால் கூடாது" என்பது எடுபடாது. "இந்த ஊரில் ஏற்கெனவே போதுமான பார் இருக்கு" என்பதும், "எங்கள் வீட்டு விலை குறையும்" என்பதும் எடுபடாது. "இவர்கள் திறந்தால் என் பப் வியாபாரம் படுத்துவிடும்" என்பதற்கும் இடமில்லை. குடியால் உடல்நலம் கெடும் என்ற வாதம்கூட இங்கிலாந்தில் தனி நோக்கம் அல்ல. பொது சுகாதாரத் துறை ஆட்சேபிக்கலாம், ஆனால் அதுவும் அந்த நான்குக்குள்தான் பேச வேண்டும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே 2005-ம் ஆண்டுச் சட்டம் பொது சுகாதாரத்தைக் காப்பதையும் ஒரு நோக்கமாகச் சேர்த்திருக்கிறது. ஒரே நாட்டின் இரண்டு பகுதிகளுக்குள் இப்படியொரு வேறுபாடு இருப்பது விசித்திரம்தான்.

சரி, எடுபடுவது எது? கிளப்பின் கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கும் பாட்டுச் சத்தம். வெளியே சிகரெட் பிடிக்க நிற்பவர்களின் பேச்சு. 11 மணிக்கு மேல் காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டும் ஓசை. கார் நிறுத்துமிடத்தில் கதவுகளை அறைந்து சாத்துவது. இவை எல்லாம் பொதுத் தொந்தரவுக்குள் வரும். அதையும் "எப்போதும் சத்தம்" என்று பொதுவாக எழுதினால் வலு குறைவு. எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், எந்த அறையில் கேட்டது என்று குறித்துவைத்த நோட்டு ஒன்று இருந்தால் அதற்கு மரியாதையே வேறு.

இரண்டு எல்லைகளையும் நினைவில் வைக்க வேண்டும். ஆட்சேபம் கேட்கப்படும் மாற்றத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். 11 மணி வரை ஏற்கெனவே இருக்கும் அனுமதியை இந்த விசாரணையில் பிடுங்க முடியாது. அதேபோல் கிளப்பை விட்டு வெகுதூரம் போன பிறகு ஒருவர் தெருமுனையில் நின்று பாடினால் அது அந்த ஆளின் பொறுப்பு, கிளப்பின் பொறுப்பு அல்ல என்பதே அரசு வழிகாட்டுதலின் நிலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆட்சேபித்தவரின் பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படும். மிரட்டல் பயம் போன்ற அசாதாரணமான சூழலில்தான் மறைப்பார்கள். ஊர் கிளப் என்பதால், எதிர்த்து எழுதியவரின் மகன் அதே கிளப்பின் 11 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிக்கொண்டிருக்கலாம். சனிக்கிழமை காலை பயிற்சிக்கு விடப் போகும்போது அதே பொருளாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே எழுதாமல் விடுபவர்கள் இருப்பார்கள். ஆதரித்தும் எழுதலாம் என்பதால் கிளப்புகள் உறுப்பினர்களைக் கொண்டு ஆதரவுக் கடிதங்கள் அனுப்பவைப்பதும் உண்டு.

ஆதாரம் இல்லாத பயம்: விரல் பகுதியின் வழக்கு

ஆட்சேபம் வந்தால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட குழு விசாரிக்கும். கிளப்பும் பேசலாம், ஆட்சேபித்தவரும் பேசலாம். குழு முழுதாக அனுமதிக்கலாம், மறுக்கலாம், அல்லது நேரத்தைக் குறைத்து நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும். பாட்டு 12 மணிக்கு நிற்க வேண்டும், 11 மணிக்கு மேல் ஜன்னல் கதவுகள் மூடியிருக்க வேண்டும், வெளியே இருக்கும் மேசைகளில் 10 மணிக்குப் பிறகு ஆள் உட்காரக் கூடாது, மாதத்துக்கு இத்தனை விழாதான் என்பது போன்ற நிபந்தனைகள்.

முடிவு பிடிக்காதவர் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு வழக்கு இருக்கிறது. கிளப் அல்ல, பப் பற்றியது. ஆனால் சட்டம் ஒன்றுதான். இங்கிலாந்தின் வடமேற்கில் விரல் பகுதியில் உள்ள சாகால் ஹோட்டல் என்ற பப்புக்கு, டேனியல் த்வைட்ஸ் நிறுவனம் கூடுதல் நேரம் கேட்டது. கவுன்சில் கொடுத்தது. உள்ளூர்வாசிகள் மேல்முறையீடு செய்ய, மாஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்தார்கள். மற்ற பப்புகள் மூடியதும் குடிப்பவர்கள் இங்கே கிளம்பி வந்துவிடுவார்கள் என்பது அவர்களின் கவலை. ஆனால் பப் அதற்குள் கூடுதல் நேரத்தில் இயங்கத் தொடங்கியிருந்தது, பெரிய பிரச்சினை எதுவும் பதிவாகவில்லை. போலீஸ் தரப்பிலும் எதிர்ப்பு இல்லை. 2008-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஜில் பிளாக், மாஜிஸ்திரேட்டுகளின் முடிவை ரத்து செய்தார். வெறும் ஊகத்தை வைத்து நேரத்தைக் குறைக்க முடியாது, ஆதாரம் வேண்டும் என்பதே அதன் சாரம்.

கிளப் வழக்கறிஞர்கள் கையில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். எதிர்த்தரப்புக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. லண்டன் சோஹோ பகுதியில் பப்புக்கு வெளியே தெருவில் நின்று குடிப்பவர்களின் சத்தம் பற்றிய வழக்கில், 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சிலின் முடிவுக்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்றது. மாலை 6 மணிக்கு மேல் கோப்பையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனை அப்படியே நின்றது.

ஒரு நாளைக்கு மட்டும் வேண்டுமென்றால்?

நிரந்தர நீட்டிப்பு தேவையில்லாத கிளப்புகளுக்கு தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு என்ற வழி இருக்கிறது. கட்டணம் 21 பவுண்டு. 499 பேருக்கு மேல் கூடாது. நிகழ்ச்சிக்கு 10 வேலை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். கிளப் சான்று மட்டும் உள்ள இடங்கள் வெளியாட்கள் விழாவுக்கு நம்பியிருப்பதும் இதைத்தான். தாமதமாக, 5 முதல் 9 வேலை நாளுக்குள் கொடுத்தால் ஒரு சிக்கல். போலீஸோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணையே இல்லாமல் நிகழ்ச்சி ரத்து. ஒரே இடத்துக்கு ஆண்டுக்கு இத்தனை தடவை, இத்தனை நாள் என்று உச்சவரம்பும் உண்டு. இதில் அக்கம்பக்கத்தவருக்கு ஆட்சேபிக்கும் உரிமை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. போலீஸும் சுகாதாரப் பிரிவும் மட்டுமே தடுக்கலாம்.

எப்போதாவது அரசே நாடு முழுவதும் நேரத்தை நீட்டிக்கும். 2023 மே மாதம் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவின்போது மூன்று இரவுகள் 1 மணி வரை அனுமதி கிடைத்தது. அதற்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

அனுமதி கிடைத்த பிறகு

உரிமம் கிடைத்தாலும் கட்டட அனுமதி தனி. கிளப் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கொடுத்தபோதே "11 மணிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதியிருந்தால், உரிமத்தில் 1 மணி என்றிருந்தாலும் 11 மணிதான். முன்னதாக வரும் நேரமே செல்லும். பழைய கோப்புகளைப் புரட்டாமல் விண்ணப்பிக்கும் கிளப்புகள் இதில் மாட்டிக்கொள்ளும்.

28 நாளைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சான்றை மறுஆய்வு செய்யக் கோரி யாரும் எப்போது வேண்டுமானாலும் கவுன்சிலுக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. காரணம் அதே நான்கு நோக்கங்களுக்குள் இருக்க வேண்டும். விசாரணைக்குப் பிறகு கவுன்சில் நேரத்தைக் குறைக்கலாம், புதிய நிபந்தனை போடலாம், மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கலாம், சான்றையே திரும்பப் பெறலாம். முன்பு "சத்தம் வரும்" என்று பயந்தவர், இப்போது "இந்த இந்தத் தேதிகளில் சத்தம் வந்தது" என்று எழுதலாம். நோட்டு கையில் இருந்தால்.